கேட்கத் தெரிய வேண்டும்

 

2024ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஒருநாள், அஸர் தொழுகையை முடித்துவிட்டுப் பள்ளிவாசலின் முன்கூடத்தில் அமர்ந்திருந்தேன். எண்ணூரில் மீன் வாங்கி வந்து திருவொற்றியூர்த் தெருக்களில் விற்றுப் பிழைக்கும் சகோதரர் ஒருவர், கல்லூரியில் பயிலும் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார்.

"ஹஜ்ரத், கலெக்டர் ஆபீசில் கொடுப்பதற்கு ஒரு மனு. பிள்ளை போனிலேயே எழுதி வாங்கிவிட்டாள். ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

செயற்கை நுண்ணறிவு என்று இன்று உலகமெல்லாம் பேசப்படுகிறதே, அந்த இயந்திரத்திடம் கேட்டு வாங்கிய மனு அது. அந்தப் பெண் படித்தாள். பிழையில்லாத தமிழ், பணிவான நடை, மனுவுக்குரிய ஒழுங்கு. நானே எழுதியிருந்தாலும் அவ்வளவு விரைவில் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் இரண்டாம் பத்தியில், கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்ததாக ஒரு வரி வந்ததும், தகப்பனார் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கப்பலா? அது பழைய கதையல்லவா? அப்போது இவள் ஆறாம் வகுப்பு! இப்போது எண்ணெய் வந்தது ஆற்றிலிருந்து!"

அவர் சொன்னதே சரி. காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக்கொண்டது 2017 ஜனவரி 28ஆம் நாள். எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிய எண்ணெய்க் கசடை வாளி வாளியாக மனிதர்கள் அள்ளியதை வடசென்னை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சகோதரரின் பிழைப்பைக் கெடுத்ததோ 2023 டிசம்பரில் நிகழ்ந்தது. மிக்ஜாம் புயலின் பெருமழையில், மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, கொசஸ்தலை ஆற்றின் எண்ணூர் முகத்துவாரத்தில் வந்து படிந்தது. இரண்டுமே எண்ணூர், இரண்டுமே எண்ணெய். ஆனால் நாள் வேறு, காரணம் வேறு, நட்டப்பட்டவர்களும் வேறு.

பிழை அதோடு நிற்கவில்லை. 'என் படகும் வலைகளும் பாழாயின' என்றும் அந்த மனுவில் இருந்தது. அவரிடம் படகு ஏது? ஒரு மிதிவண்டியும் இரண்டு ஐஸ் பெட்டிகளும்தாம் அவருடைய சொத்து!

வாசகர்களே! அந்த மனு அப்படியே போயிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? விவரம் தெரிந்த அதிகாரி ஒருவர் அதைப் படித்த மறுகணமே ஒதுக்கியிருப்பார். அதைவிடப் பெரிய தீங்கு ஒன்றுண்டு. பொய் சொல்லி அறியாத ஓர் ஏழை, தாம் சொல்லாத பொய்யின் கீழே தம் கையெழுத்தை இட்டிருப்பார். மறுமையில் அதற்கு இயந்திரமா பதில் சொல்லும்?

"என்ன என்று கேட்டாய் அம்மா?" என்று வினவினேன். 'எண்ணூர் எண்ணெய்க் கசிவுக்கு நிவாரணம் கேட்டு மனு எழுது' என்று மட்டும் கேட்டதாகச் சொன்னாள். பிழையின் வேர் அங்கே இருந்தது.

நா பிசகும் ஹாபிழ்

இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதை மதரஸாவில் ஓதியவர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். திருக்குர்ஆனை மனனம் செய்யும் பிள்ளைகளுக்குப் பெரும் சோதனையாக இருப்பவை ஒன்றையொன்று ஒத்திருக்கும் ஆயத்துகள். நபி மூஸா (அலை) அவர்களின் வரலாறு அஃராஃப் சூராவிலும் வருகிறது, தாஹாவிலும் வருகிறது, ஷுஅராவிலும் வருகிறது. ஒன்றில் ஓதிக்கொண்டிருக்கும் பிள்ளையின் நா, தன்னை அறியாமலே மற்றொன்றுக்குத் தாவிவிடும். ராகம் கெடாது, வேகம் குறையாது, குரலில் ஐயமும் தெரியாது. எதிரே முஸ்ஹஃபை விரித்து வைத்திருக்கும் உஸ்தாதுக்கு மட்டுமே பிசகு தெரியும்.

இயந்திரத்தின் நிலையும் ஏறக்குறைய இதுதான். மனிதர்கள் எழுதிவைத்த கோடானுகோடி வரிகளைக் கொண்டு அது பயிற்றுவிக்கப்பட்டிருக்கிறது. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது பொருத்தம் என்று கணித்துக் கணித்தே எழுதிச் செல்கிறது. நாம் சொல்லாமல் விட்ட இடங்களை, அது படித்தவற்றுள் எது அதிகம் வழங்குகிறதோ அதைக்கொண்டு நிரப்பிவிடுகிறது. எண்ணூர் எண்ணெய்க் கசிவு என்றால் கப்பல் மோதல். பாதிக்கப்பட்டவர் என்றால் படகுக்காரர். மிதிவண்டியில் மீன் விற்பவர் அதன் கணக்கில் எப்படி வருவார், நாம் சொன்னாலன்றி?

திருப்பிக் கேட்பவர்கள்

முன்பெல்லாம் அரசு அலுவலக வாசல்களில் மனு எழுதிக் கொடுப்பவர்களிடம் நம் பெரியவர்கள் போவார்கள். அந்த எழுத்தர் உடனே பேனாவை எடுக்க மாட்டார். 'எந்த ஊர்? என்று நடந்தது? என்ன நட்டம்? ரேஷன் அட்டை இருக்கிறதா? உங்களுக்கு என்ன வேண்டும், பணமா, வேலையா?' என்று துருவித் துருவிக் கேட்பார். அரைகுறையாகச் சொல்லப்போன நாம், அவர் கேட்கக் கேட்க முழுதாகச் சொல்லிவிடுவோம்.

மார்க்கத் தீர்ப்பு வழங்கும் முஃப்திகளின் வழியும் இதுவே. 'தகப்பனார் வஃபாத்தாகிவிட்டார். மகளுக்கு எவ்வளவு பங்கு?' என்று ஒருவர் கேட்டால், எந்த முஃப்தியும் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல மாட்டார். இறந்தவரின் மனைவி இருக்கிறாரா, பெற்றோர் இருக்கின்றனரா, ஆண்மக்கள் உண்டா என்று முதலில் கேட்பார்.

ஒரு கணக்கைப் பாருங்கள். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் யாவும் போக மீதம் 24 இலட்ச ரூபாய் என்று கொள்வோம். இறந்தவருக்கு மனைவியும் ஒரே மகளும் உடன்பிறந்த சகோதரர் ஒருவரும் மட்டும் இருந்தால், மனைவிக்கு எட்டில் ஒன்றாக 3 இலட்சம், மகளுக்குப் பாதியாக 12 இலட்சம், எஞ்சிய 9 இலட்சம் சகோதரருக்கு. அதே குடும்பத்தில் ஒரு மகனும் இருந்தால் கணக்கே மாறிவிடும். மனைவிக்கு 3 இலட்சம், மகனுக்கு 14 இலட்சம், மகளுக்கு 7 இலட்சம், சகோதரருக்கு ஒன்றுமில்லை. மகன் இருக்கிறான் என்ற ஒரு சொல்லைக் கேட்பவர் விட்டுவிட்டால், மகளின் பங்கில் மட்டும் 5 இலட்சம் பிசகிப்போகும். கேள்வியின் குறை பதிலில் எப்படி வந்து நிற்கிறது பார்த்தீர்களா?

முஃப்தி திருப்பிக் கேட்கிறார், மனு எழுதுபவர் திருப்பிக் கேட்கிறார், நல்ல வைத்தியரும் திருப்பிக் கேட்கிறார். இயந்திரமோ பெரும்பாலும் திருப்பிக் கேட்பதில்லை. கேட்டதை வைத்துக்கொண்டு உடனே எழுதத் தொடங்கிவிடுகிறது. ஆகவே அந்தப் பெரியவர்கள் நம்மிடம் கேட்ட கேள்விகளை, இனி நாமே நம்மிடம் கேட்டுக்கொண்டு எழுத வேண்டியிருக்கிறது. 'பிராம்ப்ட்' என்று ஆங்கிலத்தில் பெரிதாகப் பேசப்படும் வித்தையின் சாரம் இவ்வளவுதான்.

கேட்பதும் ஒரு கல்வி என்பது நமக்குப் புதிதன்று. ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித உருவில் வந்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முன் அமர்ந்து, ஈமான் என்றால் என்ன, இஸ்லாம் என்றால் என்ன, இஹ்ஸான் என்றால் என்ன என்று ஒழுங்காகக் கேட்டார்கள். அவர்கள் சென்றபின், மார்க்கத்தைக் கற்பிக்க வந்தவர் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு அறிமுகம் செய்தார்கள். கேட்டவரே கற்பித்தவரானார்!

மறுபடி எழுதிய கேள்வி

மஃரிபுக்கு இன்னும் நேரமிருந்தது. மூவரும் உட்கார்ந்து கேள்வியை மறுபடி எழுதினோம். தகப்பனார் சொல்லச் சொல்ல மகள் தட்டச்சு செய்தாள். அது ஏறக்குறைய இப்படி அமைந்தது:

'நான் படகு வைத்திருக்கும் மீனவன் அல்லன். எண்ணூரில் மீன் வாங்கி மிதிவண்டியில் விற்பவன். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது. 2017இல் நடந்த கப்பல் மோதலை இதனோடு கலக்க வேண்டாம். மீனில் எண்ணெய் வாடை வரும் என்று அஞ்சி மக்கள் வாங்காததால், 20 நாட்கள் எனக்கு வியாபாரம் இல்லை. என்னிடம் ஆதார் அட்டையும் ரேஷன் அட்டையும் உள்ளன. மீன் வாங்கியதற்கு ரசீது இல்லை. சில்லறை மீன் வியாபாரிகளையும் நிவாரணத்துக்குப் பரிசீலிக்குமாறு மாவட்ட ஆட்சியருக்கு ஒரு பக்கத்துக்குள் எளிய தமிழில் மனு எழுது. நான் சொல்லாத தேதியையோ தொகையையோ பொருளையோ சேர்க்காதே. தெரியாத இடத்தைக் கோடிட்டு விடு. எழுதும் முன் என்னிடம் கேட்க வேண்டியவை இருந்தால் முதலில் கேள்.'

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். முன்பு திருப்பிக் கேட்காத இயந்திரம் இப்போது கேட்டது. எத்தனை ஆண்டுகளாக இத்தொழில் செய்கிறீர்கள்? குடும்பத்தில் எத்தனை பேர்? இதே வகையில் பாதிக்கப்பட்ட வேறு வியாபாரிகள் சாட்சி சொல்வார்களா? மூன்றும் நல்ல கேள்விகள். மூன்றாவதை நாங்கள் எண்ணியும் பார்க்கவில்லை. பிறகு அது எழுதிய மனுவில் கப்பலும் இல்லை, படகும் இல்லை. தாம் வாழ்ந்த வாழ்க்கை அதில் இருப்பதைக் கேட்டு அந்தச் சகோதரர் தலையசைத்தார். அடுத்த திங்கட்கிழமை, இராஜாஜி சாலையில் ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர் கூட்டத்தில், வேறு நால்வரையும் கூட்டிக்கொண்டு போய் மனுவைக் கொடுத்துச் சீட்டும் பெற்று வந்தார். முடிவு அல்லாஹ்வின் நாட்டத்தில் உள்ளது. ஆனால் உண்மைக்குக் கீழே கையெழுத்திட்டோம் என்ற நிம்மதியோடு அவர் திரும்பினார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மகளுக்குக் கருவி தெரியும், செய்தி தெரியாது. தகப்பனாருக்குச் செய்தி தெரியும்; கருவி தெரியாது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்தபோதே கேள்வி முழுமையாயிற்று. நம் இல்லங்களில் பிள்ளைகள் தனியே போனும் கையுமாக மூலையில் அமர்ந்திருக்கிறார்கள் என்று வருந்துகிறோம். குடும்பக் காரியத்துக்கு ஒரு கேள்வியை எழுதும்போதாவது பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே பாயில் அமரலாமே!

பள்ளியா, பள்ளிவாசலா?

நம் வழக்குச் சொற்களும் இயந்திரத்தை இடறச் செய்வதுண்டு. பள்ளியின் கூரையைப் பழுதுபார்க்க நன்கொடை வேண்டி ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். வந்த கடிதம் 'அன்பார்ந்த பெற்றோர்களே' என்று தொடங்கி, மாணவர்களின் வகுப்பறை ஒழுகுவதாகக் கவலைப்பட்டது! நமக்குப் பள்ளி என்றால் அல்லாஹ்வின் இல்லம். பொதுத் தமிழிலோ பள்ளிக்கூடம். பிழை என்னுடையதே. 'பள்ளிவாசல்' என்று எழுதி, கடிதம் ஜமாஅத்தாருக்கு உரியது என்றும் சேர்த்தபின் சரியாக வந்தது. ஜமாஅத், மஹர், இத்தா போன்ற சொற்களை எழுதும்போது அவற்றின் பொருளையும் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது.

ஆண்டையும் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட ஒரு நாள் வரையில் வெளிவந்த எழுத்துகளைக் கொண்டே இவ்வியந்திரங்கள் பயிற்றுவிக்கப்படுகின்றன. சிலவற்றில் இணையத்தில் தேடிப் பார்க்கும் வசதியும் உண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகை உண்டா என்று மொட்டையாகக் கேட்டால், பழைய விதியை அது ஒப்பித்துவிடக்கூடும். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசு வழங்கிவந்த அந்த உதவித்தொகை 2022-23 கல்வியாண்டிலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே எந்த ஆண்டு, எந்த வகுப்பு, எந்த அரசின் திட்டம் என்று குறிப்பிட்டுக் கேட்பதோடு, அரசின் அறிவிப்பு எங்கே உள்ளது என்றும் கேட்டு, அதை நாமே திறந்து பார்க்க வேண்டும்.

சரிபார்ப்பது நம் கடமை

எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் வந்த பதிலைச் சோதிக்கும் பொறுப்பு நம்மை விட்டு நீங்குவதில்லை. நம்பத்தகாதவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி திருமறை (49:6) பணிக்கிறது. ஹதீஸ் கலை இமாம்கள் ஒரு செய்தியைக் கேட்டதும், 'யார் சொன்னார்? அவருக்கு யார் சொன்னார்?' என்று அறிவிப்பாளர் வரிசையைக் கேட்டார்கள். அந்தச் சமுதாயத்தின் வாரிசுகளாகிய நாம், அழகிய நடையில் வந்தது என்பதற்காக ஒன்றை ஏற்றுக்கொள்ளலாமா?

2023இல் அமெரிக்காவின் நியூயார்க்கில் ஒரு வழக்கு நடந்தது. அதில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் வைத்தார்கள். தேடிப் பார்த்தால் அப்படிப்பட்ட தீர்ப்புகளே உலகில் இல்லை! அவை உண்மையானவையா என்று அந்த இயந்திரத்திடமே ஒருவர் கேட்டிருந்தார். ஆம் என்று அதுவும் சொல்லியிருந்தது. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. சொன்னவனிடமே சாட்சி கேட்பது விசாரணை ஆகாது என்பதை இதிலிருந்து அறியலாம். ஒரு ஹதீஸை அது தந்தால், எந்த நூல், எந்தப் பாடம், எந்த எண் என்று கேளுங்கள். பிறகு அந்த நூலையே திறந்து பாருங்கள். அங்கே இல்லையென்றால் பிறருக்கு அனுப்பாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரால் சொல்வது எத்தகைய குற்றம் என்பது நீங்கள் அறியாததன்று.

தாய்மார்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் எத்தனை மில்லி மருந்து கொடுப்பது என்று இரவில் போனைக் கேட்கும் வழக்கம் பரவி வருகிறது. பாரசிட்டமால் மருந்து 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் வீரியத்திலும் விற்கிறது. 250 மில்லிகிராம் வீரியத்திலும் விற்கிறது. புட்டி மாறினால் அதே கரண்டி இரண்டு மடங்காகும். அளவோ பிள்ளையின் எடையைப் பொறுத்தது. மருத்துவரிடம் என்னென்ன சொல்ல வேண்டும், என்னென்ன கேட்க வேண்டும் என்பதை எழுதித் தருமாறு இயந்திரத்தைக் கேளுங்கள். மருந்தின் அளவை மருத்துவரிடமே கேளுங்கள். அதுபோல, தலாக், குல்உ, வாரிசுரிமை ஆகியவற்றில் கேள்வியை ஒழுங்குபடுத்த அதைப் பயன்படுத்தலாம். தீர்ப்பை ஆலிம்களிடமே பெற வேண்டும். ஆதார் எண், வங்கிக் கணக்கு, வீட்டின் அந்தரங்கம், அடுத்தவர் குறை ஆகியவற்றை அதனிடம் கொட்டவும் வேண்டாம். கேட்பது இயந்திரம்தானே என்பதால் புறம் பேசுவது ஆகுமானதாகிவிடாது.

வாசகர்களே! அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி அடிக்கடி என் நினைவுக்கு வருகிறது. பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ளத் தமக்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் கிடைக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் அறியாமலே சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியதும் அண்ணலார் (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமை என்னும் நோய்க்குக் கேட்பதல்லவா மருந்து என்ற கருத்தில் உரைத்தார்கள். கேட்டவர் முறையாகத்தான் கேட்டார். பதில் சொன்னவர்கள்தாம், தெரியாது என்று சொல்லத் தெரியாதவர்களாக இருந்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) போன்ற மேதைகளோ பல கேள்விகளுக்குத் 'தெரியாது' என்று சொல்வதை இழிவாகக் கருதவில்லை.

இன்று நம் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட இந்தக் கருவி, தெரியாது என்று எளிதில் சொல்லாத கருவி. ஆகவே முழுமையாகக் கேட்போம்; உண்மையைச் சொல்லிக் கேட்போம்; தெரியாததை இட்டு நிரப்பாதே என்று சொல்லிக் கேட்போம்; வந்த பதிலை, அறிந்தவர்களிடம் கொண்டுபோய் மறுபடியும் கேட்போம்.

அந்த மீன் வியாபாரி விடைபெறும்போது தம் மகளிடம் சொன்னது இன்னும் என் செவியில் இருக்கிறது: "போனைக் கேட்கும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அம்மா!"

பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.